துணைக்கு யாரு வருவா?

1998 சித்திரையில் ஒரு மத்தியானம். பக்கத்து வீட்டு டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏட்டி, ஒனக்கு போன் வந்திருக்கு, ஓடி வா" என்றார். நான் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். அறுநூறு பீடி சுற்றி முடித்திருந்தேன், இன்னும் நானூறு பாக்கி. கையில் ஒட்டிய தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

போனில் பேசியவர் ஒரு மெல்லிசைக் குழுவின் உரிமையாளர். அவருடைய கீபோர்டுக்காரருக்கு மஞ்சள்காமாலை. மறுநாள் ராத்திரி தூத்துக்குடிப் பக்கம் ஓர் ஊரில் அம்மன் கோயில் கொடை. பாளையங்கோட்டையில் ஒரு பொண்ணு சர்ச்சில் வாசிக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை பாட்டு தெரியும், நோட்ஸ் பார்த்து வாசிப்பாயா, காதால் கேட்டு வாசிப்பாயா, சொந்தமாகக் கருவி இருக்கிறதா என்று எதையும் அவர் கேட்கவில்லை. அவருடைய முதல் கேள்வி: "துணைக்கு யாரு வருவா?"

அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் என் இசை வாழ்க்கை ஓடியது. எந்தக் குழுவில் சேர்ந்தேன், எதிலிருந்து விலகினேன், எப்போது புடவைக் கடைக்குப் போனேன், எப்போது பள்ளிக்கூடத்தில் பாட்டு மிஸ் ஆனேன், எப்போது மறுபடி பீடித் தட்டை எடுத்தேன் என்பதையெல்லாம் என் விரல்கள் முடிவு செய்யவில்லை. அந்த வருடம் என்னோடு வர ஓர் ஆண் இருந்தாரா இல்லையா என்பதுதான் முடிவு செய்தது.

*

நான் இசை கற்றுக்கொண்டது அப்பாவின் துடைப்பத்தோடு. அப்பா கோயில்குட்டி. எங்கள் பக்கத்துச் சர்ச்சுகளில் மணி அடித்து, பெஞ்சு துடைத்து, ஆராதனைக்கு எல்லாவற்றையும் தயார் செய்து வைப்பவரை அப்படித்தான் சொல்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர் கூட்டிப் பெருக்கும்போது நானும் போவேன். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கால் ஆர்மோனியம் இருந்தது. மிதிக்கட்டைக்கு என் கால் எட்டாது. தம்பியைக் கீழே உட்காரவைத்துக் கையால் அமுக்கச் சொல்லிவிட்டு நான் கட்டைகளைத் தடவுவேன். பாடகர் குழுவின் ஆசிரியர் ஒருநாள் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து, மேலே இருப்பது சோப்ரானோ, கீழே ஆல்ட்டோ, அதற்கும் கீழே டெனர், பேஸ் என்று நான்கு வரிகளையும் காட்டினார். நான்கு பேர் நான்கு விதமாகப் பாடினாலும் ஒன்றாகக் கேட்கும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆர்கன் வாசித்தவர் 1993இல் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனார். எனக்குப் பதினான்கு வயது. "புது ஆள் வரும் வரைக்கும்" என்று சொல்லி என்னை உட்காரவைத்தார்கள். ஐந்து வருடம் புது ஆள் வரவில்லை. ஞாயிறு இரண்டு ஆராதனை, கல்யாணம், அடக்க ஆராதனை, பண்டிகை எல்லாவற்றுக்கும் நான்தான். முன்னால் வாசித்தவருக்கு மாதாமாதம் ஒரு தொகை உண்டு. எனக்கு அது இல்லை. நான் செய்வது ஊழியம் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு பாவாடைத் துணி கிடைத்தது. இதே வேலையை அவர் செய்தபோது அது வேலை. நான் செய்தபோது ஊழியம். அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை. வாசிக்க விட்டார்களே என்ற சந்தோஷம்தான் இருந்தது.

காசுக்குப் பீடி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம். இலையைத் தண்ணீரில் நனைத்து, தகட்டை வைத்து வெட்டி, தூள் வைத்து உருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டி, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டு போட வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றுவார். எனக்கு விரல் வேகம் வந்தது பீடியிலிருந்துதான் என்று இன்றைக்கும் சொல்வேன். சுற்றிக்கொண்டே மனதுக்குள் இடதுகைக்கு என்ன, வலதுகைக்கு என்ன என்று ஓட்டிப் பார்ப்பேன். விரல் தானாகத் தட்டின் விளிம்பில் தாளம் போடும். "பீடி சுத்துதியா, பியானோ வாசிக்கியா?" என்பார் அம்மா.

அம்மாவிடம் ஒரு பாஸ்புக் இருந்தது. எத்தனை பீடி கொடுத்தார், எவ்வளவு கழிவு போனது, எவ்வளவு கூலி என்று அதில் எழுதிக் கொடுப்பார்கள். பி.எஃப். பிடித்தம்கூட உண்டு. பீடித் தொழிலாளர்களுக்கென்று 1966இல் சட்டமே வந்திருக்கிறது. கூலி குறைவுதான், கழிவு என்று சொல்லி ஏமாற்றுவதும் உண்டுதான். ஆனாலும் அம்மா ஒரு தொழிலாளி என்பதற்கு ஒரு காகிதம் சாட்சி சொன்னது. அதைப் பார்த்துத்தான், முதல் கச்சேரி முடிந்ததும் நானும் ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, ஊர், குழு, வரவு என்று கட்டம் போட்டேன். கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன்: துணைச் செலவு.

*

முதல் கச்சேரிக்குத் துணை, தம்பி. சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். எனக்கு 150 ரூபாய் பேசினார்கள். ஆயிரம் பீடிக் கூலியைப்போல நான்கு மடங்கு. தம்பிக்கு ஒரு நாள் சம்பளம் போனது, பஸ் காசு, ராத்திரி சாப்பாடு எல்லாம் கழித்தால் என் கையில் நின்றது 70. அன்றைக்கு அது பெரிய பணமாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்று தபேலா வாசித்தவருக்கு 250 என்பதும், அதில் யாருக்காகவும் கழிவு இல்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

கொடை ராத்திரிக் கச்சேரி எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரு முனையில் மேடை. ஒன்பது மணிக்கு விநாயகர் பாட்டோடு ஆரம்பிக்கும். அதன்பின் மூன்று நான்கு சாமி பாட்டு. அதுவரைக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். பத்து மணிக்கு மேல் இளவட்டம் முன்னால் வந்துவிடும், நேயர் விருப்பச் சீட்டு வர ஆரம்பிக்கும். சீட்டில் எழுதிய பாட்டு ஒத்திகையில் இருந்ததா இல்லையா என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். பாடகர் திரும்பிப் பார்த்து சுதியைச் சொல்வார். நான் நாலு கட்டையில் முன்னிசையைப் பிடித்தாக வேண்டும். புல்லாங்குழல் வேண்டிய இடத்தில் புல்லாங்குழல், வயலின் வேண்டிய இடத்தில் வயலின், எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்ளிருந்து வர வேண்டும். பதினைந்து பேர் வாசித்த சினிமாப் பாட்டை ஏழு பேர் வாசிப்போம். அதில் பாதி என் இரண்டு கையில் இருந்தது.

அந்தக் குழுவில் என்னைத் தவிர ஒரே பெண், பாடகி அக்கா. கோவில்பட்டிக்காரர். மெல்லிசைக் குழுவில் பெண் குரல் இல்லாமல் முடியாது, அதனால் அவருக்கு ஓர் இடம் இருந்தது. கருவி வாசிக்கப் பெண் தேவையில்லை. அதனால் என்னை ஒரு விசேஷமாக்கினார்கள். "இப்போது கீபோர்டில் ஒரு பெண்!" என்று அறிவிப்பாளர் கத்துவார், என்மேல் லைட் அடிப்பார்கள். கூட்டம் விசில் அடிக்கும். நான் சரியாக வாசிக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை. உரிமையாளர் என்னைக் காட்டி ஊர்க்காரர்களிடம் கூடுதலாக வாங்கினார் என்று அக்காதான் சொன்னார். என் சம்பளத்தில் அது சேரவில்லை.

அக்கா கற்றுக்கொடுத்த முதல் பாடம் இசை சம்பந்தப்பட்டதில்லை. "மூணு மணிக்கு மேல தண்ணி குடிக்காத." மேடைக்குப் பக்கத்தில் கக்கூஸ் இருக்காது. ஆண்கள் இருட்டில் ஒதுங்குவார்கள். எங்களுக்கு யாராவது ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், அதுவும் கச்சேரி நடுவில் முடியாது. சாயங்காலம் மூன்று மணியிலிருந்து விடிகாலை நான்கு மணி வரை அடக்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வாசிக்க வேண்டும். இரண்டு வருடத்தில் எனக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வாடிக்கையாகிவிட்டன. அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல். மருத்துவமனைக்குக் கொடுத்த பணத்தையும் என் நோட்டில் எழுதிவைத்தேன். அது எந்தக் கட்டத்தில் வரும் என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினேன்.

கச்சேரி முடிந்து வேனில் வந்து, ஊர் விலக்கில் இறங்கி, நானும் தம்பியும் நடந்து வருவோம். பால்காரர் எதிரே வருவார். காலையில் தெருவில் பேச்சு கிளம்பும். தம்பியும் அதே வேனில், அதே நேரத்துக்குத்தான் வந்தான். அவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

*

ஒரு கொடையில் எங்கள் கச்சேரி பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டும், அதற்குப் பிறகு சாமக்கொடைக்கு வில்லுப்பாட்டு. வில்லிசைக் குழு பள்ளிக்கூடத் திண்ணையில் காத்திருந்தது. நடுவில் ஒரு வயதான அம்மா, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் குழுவின் தலைவர், வீசுகோலைப் பிடிப்பவர். குடம், உடுக்கை, தாளம் எல்லாம் ஆண்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சுவாக்கில், "ஒங்களுக்குத் துணைக்கு யாரு வருவா, பாட்டி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு ஆம்பளைய இருக்காம்லா? அவனுவளுக்கு நான்தான் துணை" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஊர்க்காரர்களிடம் தொகை பேசியது அவர், பாக்கு வெற்றிலையோடு அட்வான்ஸ் வாங்கியது அவர், நான்கு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதும் அவர். ராத்திரி முழுக்க அம்மன் கதையை அவர் பாட, ஆண்கள் பின்னால் வாங்கிப் பாடினார்கள். குமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி 2018இல் மறைந்தபோது பத்திரிகைகளில் அவரைப் பற்றிப் படித்தேன். பத்து வயது வாக்கில் வில்லுப்பாட்டின்மேல் ஆசைப்பட்டு, பல பத்தாண்டுகள் கோயில் கோயிலாகப் பாடி, முதுமையில் வறுமையில் வாழ்ந்தவர். திண்ணையில் பார்த்த பாட்டியின் ஞாபகம் வந்தது. நம் ஊரில் பெண் ராத்திரியில் மேடையேறுவது புதிதே இல்லை. ஆனால் அவர்களுடைய பெயரும் தோரணையும் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை. நாங்கள் ஒவ்வொருத்தியும் முதல் ஆள் மாதிரி, பயந்து பயந்து, புதிதாக ஆரம்பித்தோம்.

*

தம்பி 2001இல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். அவனுக்கு வேலை கிடைத்த அன்றைக்கே எனக்கு வேலை போனது. உரிமையாளர் நல்லவர்தான், வருத்தப்பட்டார். "ஒன்னயத் தனியா கூட்டிட்டுப் போயி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?" என்றார். அந்த ஏதாவது ஒன்றைச் செய்யப்போகிறவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதாக இல்லை.

புடவைக் கடைக்குப் போனேன். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கால் வீங்கி, செருப்பு நுழையாது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 2021இல். இருபது வருடம் தாமதமாக என் கால்களுக்கு நியாயம் கிடைத்தது. ஒன்றைக் கவனித்தேன். கடை முடிந்து ராத்திரி ஒன்பதரைக்கு முப்பது பெண்கள் தெருவில் இறங்கிப் பஸ்ஸுக்கு நடப்போம். எங்களுக்குத் துணைக்கு யார் என்று கடைக்காரர் கேட்டதே இல்லை. தீபாவளி வியாபாரத்தில் பதினொன்றரை ஆனபோதும் கேட்கவில்லை. ராத்திரியைப் பற்றிய பயம் எல்லா வேலைக்கும் ஒரே மாதிரி வருவதில்லை.

பிறகு நாகர்கோவில் பக்கம் கல்யாண வரவேற்புக்கு வாசிக்கும் ஒரு குழு. ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடியும். அப்பா துணைக்கு வந்தார். மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் வேதப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, குத்துப்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். என் வாழ்க்கையில் நான் வாசித்ததை முழுசாகக் கேட்ட ஒரே துணை அவர்தான். "ரெண்டாவது பாட்டுல எடதுகை கொஞ்சம் சத்தம் மக்கா" என்று பஸ்ஸில் சொல்வார். 2003இல் போய்விட்டார். அவருடைய அடக்க ஆராதனைக்கு நான்தான் வாசித்தேன். வேறு ஆள் இல்லை.

அந்த வருடம்தான் அம்மா தன் பி.எஃப். பணத்தையும் கம்மலையும் சேர்த்து எனக்கு ஒரு பழைய யமஹா கீபோர்டு வாங்கித் தந்தார். ஃபிளாப்பி டிஸ்க் போடும் மாடல். வீட்டில் அத்தனை விலையுள்ள பொருள் வேறு கிடையாது. பழைய சேலையை மடித்து அதற்கு உறை தைத்தார்.

பிறகு கல்யாணம். "எங்க வீட்டுல பாட்டுக்குத் தடையில்ல, நானே கூட வாரேன்" என்றார் அவர். வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? புருஷன் துணைக்கு வந்தால் செலவில்லை, பேச்சுமில்லை. நோட்டில் துணைச் செலவுக் கட்டம் முதல் தடவையாகக் காலியாக இருந்தது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் வரவுக் கட்டமும் காலி. குழுக்காரர்கள் தொகையை அவரிடம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்தான் பேசினார், அவர்தான் வாங்கினார், எந்த ஊர் போகலாம், எந்த ஊர் வேண்டாம் என்று அவர்தான் முடிவு செய்தார். எனக்கு எவ்வளவு சம்பளம் என்பதே எனக்குத் தெரியாமல் போனது. கேட்டால், "நான் வரலன்னா நீ எப்படிப் போவ?" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. துணை என்ற சொல்லுக்குள்ளே ஒரு முதலாளி உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

2006இல் மகள் பிறந்தாள். எடை குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார்கள். அடகுக்கடையில் தங்கம்தான் எடுப்பார்கள், கீபோர்டை எடுக்க மாட்டார்கள். சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த ஒருவரிடம் வந்த விலைக்குக் கொடுத்தோம். உறையை மட்டும் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்.

*

அடுத்த ஒன்பது வருடத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒரு மெட்ரிக் பள்ளியில் பாட்டு மிஸ், சம்பளம் 1,800. ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை ஆடப் பாட வைப்பது, மீதி நேரத்தில் வராத டீச்சர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்வது. மாலையில் வீடு வீடாகக் கீபோர்டு ட்யூஷன். அதன்பின் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தேன். 2013இல் அவர் வெளிநாட்டுக்கு டிரைவராகப் போனார். கொஞ்ச நாள் பணம் வந்தது, பிறகு நின்றது, பிறகு போனும் நின்றது. நானும் அம்மாவும் மகளும் இருந்தோம்.

அந்தக் காலத்தில் இசைக்காரர்களின் பேட்டிகளை நிறையப் பார்த்தேன். இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்து, பிறகு சகோதரர்களோடு சென்னை வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர்களை அனுப்புவதற்கு அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்றதை அவர்களே மேடைகளில் சொல்லியிருக்கிறார்கள். ரஹ்மானின் அப்பா ஆர்.கே.சேகர் 1976இல் இறந்தார். அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தியவர் ரஹ்மானின் அம்மா. பெரிய இசைப் பயணங்களின் அடியில் ஒரு பெண் ரேடியோவை விற்கிறாள், கீபோர்டை வாடகைக்கு விடுகிறாள். ரேடியோவை விற்ற காசோடு ஒரு சின்னத்தாய் தானே மெட்ராஸுக்கு ரயில் ஏற முடியுமா?

மெரினாவில் படுத்தோம், டீ குடித்தே நாளை ஓட்டினோம், ஸ்டுடியோ வாசலில் நின்றோம் என்று ஆண் கலைஞர்கள் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கும். அவர்கள் பட்ட கஷ்டம் நிஜம். ஆனால் அப்படிக் கஷ்டப்படுவதற்கும் ஒரு தெரு வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படுத்துக்கொள்ள ஒரு நடைமேடை வேண்டும். மேடை ஏறி ஜெயித்த பெண்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அப்பா யார், குரு யார், புருஷன் யார் என்று தேடுவேன். கட வித்வான் சுகன்யா ராம்கோபால், பெண் என்பதால் உடன் வாசிக்க மறுத்த வித்வான்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். கருவியைப் பிடித்த பெண்ணுக்குத் திறமையைக் காட்டுவதற்கு முன்னால் இப்படி எத்தனையோ வாசல். சுற்றித் திரிந்து கலைஞன் ஆனான் என்று ஓர் ஆணைச் சொல்வார்கள். சுற்றித் திரிந்த பெண்ணுக்கு நம் மொழியில் வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

*

2015இல் சீட்டுப் பணம் எடுத்து மறுபடி ஒரு பழைய கீபோர்டு வாங்கினேன். அம்மா பெட்டியைத் திறந்து பழைய உறையை எடுத்துத் தந்தார். இது கொஞ்சம் நீளமான கருவி, உறை ஒரு சாண் பற்றவில்லை. வேறொரு சேலையை ஒட்டுப்போட்டோம். அதோடு இன்னொன்றும் செய்தேன், முப்பத்தாறு வயதில் ஸ்கூட்டி கற்றுக்கொண்டேன். கால் வைக்கும் இடத்தில் கீபோர்டை நிறுத்தி, தோளோடு ஒரு துண்டால் கட்டிக்கொண்டு, இருபது கிலோமீட்டருக்குள் எந்தக் கல்யாண மண்டபமானாலும் போவேன். அதற்குமேல் என்றால் வேண்டாம் என்பேன். என் இசையின் எல்லையைப் பெட்ரோலும் தெருவிளக்கும் முடிவு செய்தன. 2021இல் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்று ஆனபோது ட்யூஷனுக்குப் போகும் காசு மிச்சமானது. கச்சேரி முடியும் நேரத்துக்குத்தான் பஸ் இல்லை.

அதற்குள் தொழிலே மாறியிருந்தது. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை அணைக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஊர்களில் மெல்லிசைக்குப் பதில் ஆடல் பாடல். மண்டபங்களில் லேப்டாப்பில் டிராக்கைப் போட்டுப் பாடகர்கள் மட்டும் பாடினார்கள். ஒரு காலத்தில் கீபோர்டு வந்து வயலின்காரரையும் டிரம்பெட்காரரையும் வீட்டுக்கு அனுப்பியது. இப்போது டிராக் வந்து கீபோர்டுக்காரரை அனுப்பியது.

அப்புறம் 2020. மார்ச் கடைசியில் ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி என்று எங்கள் வருமானம் வரும் மாதங்கள் எல்லாம் போயின. தபேலாக்காரர் காய்கறி வண்டி தள்ளினார். பாடகி அக்கா இட்லி மாவு விற்றார். பீடித் தொழிலும் நின்றிருந்தது, ஆனால் அது சீக்கிரம் திறந்தது. நாற்பத்தொரு வயதில் மறுபடி அம்மாவின் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தேன். விரல் மறக்கவில்லை. அம்மாவின் பாஸ்புக்கில் கூலி ஏறியது. என் நோட்டில் எட்டு மாதம் எதுவும் எழுதவில்லை.

அந்த எட்டு மாதத்தில்தான் பழைய பக்கங்களைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். 1998 முதல் 2003 வரை நான் கச்சேரியில் சம்பாதித்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு துணைக்குப் போயிருந்தது. தம்பியும் அப்பாவும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் தூக்கத்தைத் தந்தார்கள். ஆனால் அது என் தலையில் விழுந்த வரி. நான் வாசித்த ஒவ்வொரு இரண்டு பாட்டிலும் ஒரு பாட்டு, பெண்ணாக இருப்பதற்கான அபராதமாகப் போயிருக்கிறது. துணை, இரவுநேரத்துப் பெண்ணின் சொந்தச் செலவு என்று எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். அது கூப்பிட்டவரின் செலவு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

2022இல் மண்டபங்கள் திறந்ததும் நான் வாசிப்பதற்கு மூன்று நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதினேன். ஒன்று, மேடைக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள அறையும் கழிப்பறையும். இரண்டு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் முடிந்தால் வீட்டு வாசல் வரை கார். மூன்று, தொகை என் கையில். அட்வான்ஸ் வாங்கும்போது இதில் கையெழுத்து கேட்டேன்.

"பொம்பள ஆளப் போட்டா இதான் தொல்ல" என்று இரண்டு குழுக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். மூன்று மாதம் ஒரு நிகழ்ச்சியும் இல்லை. தப்புப் பண்ணிவிட்டேனோ என்று அழுதிருக்கிறேன். தாளைக் கிழித்துப் போடக்கூட ஒருநாள் எடுத்தேன். மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நான்காவது மாதம் ஒரு கல்யாண வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு, கார் போட்டாப் போச்சு" என்றார். அவ்வளவு சாதாரணமாக. அந்தக் காரில் ரிதம் பேட் வாசிக்கும் தம்பியும் ஏறிக்கொண்டான். வழக்கமாக அவன் பஸ் ஸ்டாண்டில் கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பானாம். எனக்கு அது தெரியவே தெரியாது. "அக்கா, ஒங்க தாள்ல என் பேரையும் சேத்துக்கோங்க" என்றான். சேர்த்தேன்.

இப்போது நான், பாடகி அக்காவின் மகள், பேட் தம்பி, மூன்று பேர் ஒரு குழு. பெரிய வருமானம் இல்லை. பல மாதம் ட்யூஷன்தான் சோறு போடுகிறது. நான் ஜெயித்துவிட்டேன் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. திண்ணையில் வெற்றிலை மடித்த பாட்டிக்கு இருந்த தெளிவு எனக்கு வர இருபத்துநான்கு வருடம் ஆனது. அதை யாராவது எனக்கு முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் இத்தனை வருடம் ஆகியிருக்காது என்பதற்காக எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் போன் செய்தாள். கீபோர்டு வாசிப்பாளாம், குழுவில் சேர ஆசையாம். தயங்கித் தயங்கி, "அக்கா... நைட்டு ப்ரோகிராம்னா துணைக்கு யாரைக் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டாள்.

"அத நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். "மொதல்ல நீ சொல்லு. நோட்ஸ் பாத்து வாசிப்பியா, காதுல கேட்டு வாசிப்பியா?"